கல்விக் கதவும் காசுப் பூட்டும்

கல்வி எல்லார்க்கும் பொது என்று மேடையேறிப் பேசாதார் இந்நாளில் ஒருவருமிலர். கட்சித் தலைவர் பேசுகிறார், கோயில் தலைவரும் பேசுகிறார், பத்திரிகைக்காரர் எழுதுகிறார். ஆயினும், கடல் கடந்த சர்வகலாசாலை ஒன்றில் சேர விரும்பும் ஏழை மாணாக்கன் விண்ணப்பப் படிவத்தின்முன் உட்காரும்போது, அவன் பெற்ற தேர்ச்சியைக் கேட்கும் கேள்விகளுக்கும் அவன் குணநலத்தைக் கேட்கும் கேள்விகளுக்கும் நடுவே, சிறு கட்டமொன்று அவனைப் பார்த்து ஒரு வினா விடுக்கிறது. “உமக்குப் பொருளுதவி வேண்டுமா?” என்பதே அவ்வினா. வேண்டுமென்றால் ஓர் இடத்தில் குறி. வேண்டாமென்றால் மற்றோர் இடத்தில் குறி. ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடியில் ஒருவனுடைய வாழ்வு திசை திரும்பிவிடும் என்பதை நாம் அறிவோம். அவ்விடத்தில் பிழையான குறியிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

நம்மைப்பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், தான் பட்டதை மறைத்துக்கொண்டு பிறர்க்குப் புத்தி சொல்லுவது நேர்மையாகாது. ஆகவே அதனைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்லுவோம்.

2003-ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது முதலாம் படிவத்தில் நுழைந்தவர் நாம். பட்டணத்தில் ஆங்கிலப் பாடம் கேட்டு வளர்ந்தமையால், ஆங்கிலம் அறிந்தவனுக்கு உலகில் அறியாதது ஒன்றுமில்லை என்னும் அகந்தை நமக்கு அப்பொழுது நிரம்ப இருந்தது. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கலாசாலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க முற்பட்டோம். வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் நம் தந்தையார் அழைத்துச் சென்றார். அவருக்குக் கொடுத்த இரண்டாயிரம் வெள்ளிக்காக நம் தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, உதவி வேண்டுமென்று எழுதினால் உன் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். வேண்டாமென்று எழுது. இடம் கிடைத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்” என்றார்.

அவர் சொன்னதில் முற்பாதி பெரும்பாலும் மெய்; பிற்பாதி பொய். முழுப் பொய்யை எவரும் எளிதிற் கண்டுகொள்ளுவர். பாதி மெய் கலந்த பொய்யே ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. அவர்மீது மட்டும் பழி போடவும் நமக்கு மனமில்லை. நம் தந்தையார் தோட்டத்தில் மாதம் எழுநூறு வெள்ளி சம்பாதிக்கிறார் என்பதை அமெரிக்காவில் முகமறியாத ஒருவர் படித்துப் பார்ப்பதா என்னும் கூச்சம் நமக்கே இருந்தது. அந்தக் கூச்சத்தை மானமென்று எண்ணிக்கொண்டோம். வேண்டாமென்று குறியிட்டோம்.

2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. லயத்திலுள்ளோர் அனைவரும் வந்து கைகுலுக்கினர். அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஓராண்டுச் செலவு ஏறத்தாழ ஐம்பதினாயிரம் டாலர் என்று கண்டிருந்தது. அன்றிரவே பொருளுதவி வேண்டுமென்று எழுதினோம். நான்கே வரியில் பதில் வந்தது. விண்ணப்பிக்கும் காலத்தில் உதவி கேளாத அயல்நாட்டு மாணாக்கர், படிக்கும் நான்காண்டிலும் உதவி கேட்க உரிமையில்லாதவர் என்பதே அதன் சாரம். அப்படியொரு விதி இருப்பது படிவத்தின் அடியில் பொடியெழுத்தில் அச்சிடப்பட்டே இருந்தது. ஆங்கிலம் அறிந்த நாம் அதைப் படிக்கவில்லை. அந்தக் கலாசாலைக்கு நாம் போகவில்லை என்பதையும், பின்னர்த் தோட்டத்து ஆபீசில் கிராணியாக அமர்ந்தோம் என்பதையும் சொன்னாற் போதும்.

சென்ற நவம்பர் மாதத்தில் ஒருநாள், பிரட்டு முடிந்து ஆட்கள் கலைந்த பின்னர், பழம் வெட்டும் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். எஸ்.டி.பி.எம். படிப்பில் அப்பெண் பள்ளியிலேயே முதல்வி. அமெரிக்கக் கலாசாலைகளுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், பெற்றோர் இருவருடைய வருமானத்துக்கும் தோட்டத்துக் கடிதம் வேண்டுமென்றும் கூறினாள். தாயார் செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்குபவர். இருவர் கணக்கும் நம் கையிலேயே இருந்தன.

கடிதத்தைத் தட்டெழுதத் தொடங்கியபோது அவர் நம் மேசையருகே நெருங்கி வந்து, “கிராணியாரே, கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுங்கள். இவ்வளவு குறைந்த சம்பளத்தைப் பார்த்தால் என் பிள்ளையைச் சேர்ப்பார்களா? பார்த்தவுடனே தள்ளிவிட மாட்டார்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அப்பெண் தலை குனிந்து நின்றாள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கொண்டிருந்த அதே கூச்சம் இப்பொழுது அவர் முகத்தில் நின்றது. “அண்ணே, ஒருநாள் தவணை கொடுங்கள். நாளை மாலை மூவரும் உட்கார்ந்து பேசுவோம்” என்று சொல்லி அனுப்பினோம். அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்து, அவள் பெயர் குறித்து வைத்திருந்த கலாசாலை ஒவ்வொன்றின் விதிகளையும் பொடியெழுத்து உட்படப் படித்தோம். மறுநாள் அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

அமெரிக்கக் கலாசாலைகளை, அயல்நாட்டு ஏழை மாணாக்கரைப் பொறுத்தமட்டில், மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினர், ஒருவனைச் சேர்ப்பதா வேண்டாவா என்று தீர்மானிக்கும்போது அவனுடைய பணநிலையைப் பார்ப்பதே இல்லை என்று அறிவித்தவர்கள். சேர்த்த பின்னர், அவன் குடும்பத்தால் எவ்வளவு இயலுமென்று கணக்கிட்டு மிச்சத்தைத் தாங்களே கொடுத்துவிடுவார்கள். இதனைத் தேவை நோக்காச் சேர்க்கை என்று சொல்லலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை அயல்நாட்டாருக்கும் இம்முறையை நெடுநாளாக வழங்கிவருகின்றன. 2022-ஆம் ஆண்டில் டார்ட்மத், போடின் ஆகிய இரண்டும் அயல்நாட்டாருக்கு இதனை விரித்தன. நோட்டர் டேம் 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது. பிரவுன் சர்வகலாசாலை 2025-ஆம் ஆண்டில் நுழைந்த மாணாக்கர் முதலாக இம்முறைக்கு வந்தது. இத்தகையவற்றை இரு கை விரல்களைக்கொண்டே ஏறக்குறைய எண்ணி முடித்துவிடலாம்.

இரண்டாம் வகையினர், தேவை நோக்கிச் சேர்ப்பவர்கள். இவர்களுட் பலர் தம் நாட்டுக் குடிகளைச் சேர்க்கும்போது பணநிலையைப் பார்ப்பதில்லை; அயல்நாட்டானைச் சேர்க்கும்போது மட்டும் பார்க்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல் போன்ற பெரும்பெயர் படைத்தவையும் இவ்வகையே. இதற்கு ஒரு காரணமுண்டு. அமெரிக்க மத்திய அரசாங்கம் தன் குடிகளின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் உதவித்தொகையும் கடனும் மாணாக்க விசாவில் வரும் அயல்நாட்டானுக்குக் கிடையா. ஆகவே அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு காசும் கலாசாலையின் சொந்தப் பெட்டியிலிருந்தே வரவேண்டும். அதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்கிறார்கள். அத்தொகை தீரும் தறுவாயில், சமமான தகுதியுடைய இருவர் எஞ்சி நின்றால், பணம் கேளாதவன் உள்ளே போகிறான். கேட்டவன் வெளியே நிற்கிறான். நம் ஆலோசகர் சொன்ன மெய்யான முற்பாதி இதுவே.

மூன்றாம் வகையினர், அயல்நாட்டானுக்கு உதவியே இல்லை, அல்லது கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை மட்டுமே குறைப்போம் என்பவர்கள். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி. கல்விக் கண்காட்சிகளில் வண்ணத் தாள்களைக் கையில் திணிப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கும் பெற்றோர், மற்றப் பாதியை நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்ப்பதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணவனும் மனைவியும் உழைத்தால் 3,400. ஆண்டுக்கு 40,800 வெள்ளி. ஹார்வர்டு சர்வகலாசாலை, 2025-26-ஆம் கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்கு மேற்படாத, பெருஞ்சொத்தில்லாத குடும்பத்துப் பிள்ளை கட்டணம், உணவு, உறைவிடம் எதற்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்று அறிவித்தது. அயல்நாட்டு மாணாக்கருக்கும் அதே கணக்குத்தான். ஒரு லட்சம் டாலர் என்பது ஏறத்தாழ நான்கு லட்சம் வெள்ளி. நம் பழம் வெட்டுபவர் குடும்பத்தின் வருமானம் அதிற் பத்திலொரு பங்கே. “கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்” என்று அவர் கேட்டபோது, தம் மகளுக்கு ஆதரவாக நிற்கக்கூடிய ஒரே சாட்சியைத் தம் கையாலேயே அழிக்கச் சொன்னார் என்பதை அவர் அறியார்.

இரண்டாம் வகைக் கலாசாலையிலோ உண்மை சொன்னால் வாய்ப்புக் குறையுமே, அங்கேயாவது மறைக்கலாகாதா என்று ஒருவர் கேட்கலாம். அப்பெண்ணும் அதையே கேட்டாள். அவளுக்கு நாம் சொன்ன விடை இது: பணமில்லாதவன் பணமுண்டென்று சொல்லிப் பெறும் இடம் இடமேயன்று. சேர்ந்ததும் முதலாண்டுச் செலவுக்குப் பணமிருப்பதைக் காட்டினால்தான் கலாசாலை விசாவுக்குரிய தாளைக் கொடுக்கும். காட்ட முடியாதவனுக்கு அந்த இடத்தால் என்ன பயன்? மறுக்கப்பட்டவனுக்கு வேறு வழி தேடவாவது மனம் வரும். கிடைத்தும் போகமுடியாதவன் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டு ஓராண்டை இழப்பான். நாம் இழந்தோம். ஆகவே வறியவனுக்கு எவ்வகையிலும் உண்மையே நலம். முதல் வகையில் உண்மை அவனுக்குத் துணை. இரண்டாம் வகையில் உண்மை அவனுக்குச் சுமை. ஆயினும் சுமந்தே தீரவேண்டிய சுமை. எந்தக் கதவில் எந்தப் பூட்டு என்று அறிந்துகொண்டு போவதே செய்யத்தக்கது.

வெள்ளைக்காரனுடைய கலாசாலைகளைத் தெய்வ சந்நிதிகள்போல் புகழ்வதாக யாரும் எண்ணவேண்டாம். தேவை நோக்கோம் என்று சொல்லிக்கொண்டே செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டினார்கள் என்று, பெயர்பெற்ற சர்வகலாசாலைகள் பலவற்றின்மீது 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அவற்றுட் பத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, மொத்தம் 28 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டன. கலாசாலை கதவைத் திறந்தாலும் அரசாங்கம் வாயிலை மறிக்கக்கூடும். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹார்வர்டு அயல்நாட்டு மாணாக்கரைச் சேர்க்கும் உரிமையையே அமெரிக்க அரசாங்கம் பறிக்க முயன்றது, நீதிமன்றம் தடுத்தது. அதே மாதத்தில் புதிய மாணாக்க விசாவுக்குரிய நேர்காணல்களும் சில வாரம் நிறுத்தப்பட்டன. இவற்றையும் அப்பெண்ணுக்கு மறைக்காமற் சொன்னோம். ஹார்வர்டில் நூறுபேர் கேட்டால் ஐவருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது என்பதையும் சொன்னோம். நம்பிக்கை கொடுப்பது வேறு. ஆசை காட்டுவது வேறு.

கென்டக்கி மாநிலத்தில் பெரீயா என்றொரு சிறு கலாசாலை உண்டு. அதன் வரலாறு சீர்திருத்தக்காரர்கள் அறியத்தக்கது. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்னும் பாதிரியார் 1855-ஆம் ஆண்டில், அடிமை முறை வழங்கிய அம்மாநிலத்திலேயே அதனை நிறுவினார். உள்நாட்டுப் போர் முடிந்தபின் கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும், அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தனர். அது பொறாத மாநிலச் சட்டசபை, இரு நிறத்தாரும் ஒரு பள்ளியிற் படித்தல் குற்றமென்று 1904-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. கலாசாலை வழக்காடிற்று. 1908-ஆம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமே அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1950-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே கறுப்பர் மீண்டும் அங்கே நுழைந்தனர். ஒன்றாக உட்காருதல் தீட்டு என்னும் பித்து நம்மவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறியலாம்.

அக்கலாசாலை 1892-ஆம் ஆண்டு முதல் எந்த மாணாக்கரிடமும் பாடக் கட்டணம் பெறுவதில்லை. அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் ஏதேனுமொரு வேலை செய்யவேண்டும். தச்சு வேலையும் உண்டு. தோட்ட வேலையும் உண்டு. அயல்நாட்டார் சிலரை ஆண்டுதோறும் சேர்த்து, முதலாண்டுச் செலவு முழுமைக்கும் வழி செய்துவருகிறார்கள். ஏழ்மை அங்கே தடையன்று, தகுதி. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் அங்கே இடம் அரிது. இதனைச் சொன்னபோது, “அங்கே கூட்டிப் போட்டிருந்தால் கெட்டிருக்கும்” என்று அத்தந்தையார் தாமாகவே சொன்னார்.

அயல்நாட்டுக் கல்விக்குப் பிறருடைய பொருளுதவி பெறுவது பிச்சையன்றோ என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுவோம். 1913-ஆம் ஆண்டில் அம்பேத்கர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றது பரோடா மன்னரின் உபகாரச் சம்பளத்தைக்கொண்டே. மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக்கு. திரும்பி வந்து பரோடாவில் ஊழியம் செய்வதாகக் கையொப்பமிட்டே அதனைப் பெற்றார். 1917-ஆம் ஆண்டில் அவ்வாறே ஊழியம் செய்ய வந்தவருக்கு, தீண்டத்தகாதவர் என்னும் காரணத்தால், அவ்வூரில் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. உதவி வாங்கியதனால் அவருடைய மானம் போகவில்லை. அறை கொடாத ஊருக்கே மானம் போயிற்று. சுயமரியாதையாவது உள்ளதை உள்ளவாறு சொல்லி, உரியதைக் கேட்டுப் பெறுதல். இல்லாததை இருப்பதாகக் காட்டி நடிப்பது அதன் எதிர்ப்புறம்.

பிரிட்டனைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டன்மார் காலந்தொட்டு, படிப்பென்றால் இலண்டன் என்றே நம்மவர் எண்ணிவந்தனர். 1980-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம், அயல்நாட்டு மாணாக்கரிடம் முழுச் செலவையும் கட்டணமாக வாங்கும்படி செய்தது. நம் நாட்டு மாணாக்கர் அங்கே பெருந்தொகையினராக இருந்தமையால் அடி நமக்கே பலமாக விழுந்தது. 1981-ஆம் ஆண்டில் பிரதமர் மகாதீர் பிரிட்டிஷ் பொருள்களைக் கடைசியாகவே வாங்குவோம் என்று முழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். முழக்கம் ஓய்ந்துபோயிற்று, இருவகைக் கட்டணம் ஓயவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விலை, அயலான் பிள்ளைக்கு ஒரு விலை என்பது இன்றும் அங்கே நடைமுறை. அங்குள்ள உதவித்தொகைகள் இல்லாமலில்லை. ஆனால் அவை தனிப் போட்டிகள். இடம் கிடைப்பது ஒன்று, உதவி கிடைப்பது மற்றொன்று என்று பிரிந்தே இருக்கும்.

அக்கரையை விட்டு அண்டை வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் சர்வகலாசாலைகளில் சேரும் அயல்நாட்டு மாணாக்கருக்கு அந்நாட்டு அரசாங்கம் கட்டண மானியம் கொடுக்கிறது. ஏழையா செல்வனா என்று அங்கே கேள்வியில்லை. பட்டம் பெற்றபின் மூன்றாண்டு சிங்கப்பூர்த் தாபனம் ஒன்றில் வேலை செய்வதாக உடன்படிக்கையிற் கையொப்பமிட வேண்டும். மானியம் போக மீதமுள்ள கட்டணமும் அந்நாட்டுக் குடிகள் கொடுப்பதைவிட மிகுதியே. உடன்படிக்கை என்றதும் நம்மவருக்கு ஒப்பந்தக் கூலிக் காலத்து அச்சம் வருகிறது. அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் தாளைப் படித்து, ஆண்டைக் கணக்கிட்டு, அறிந்து இடும் கையொப்பமும், படிக்கத் தெரியாமல் இட்ட கைநாட்டும் ஒன்றல்ல. நம் நாட்டிலேயே சர்வகலாசாலையிற் படிப்போர்க்கு 1997-ஆம் ஆண்டில் அமைந்த பி.டி.பி.டி.என். கடனுண்டு, அக்கடன் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவாது. உள்நாட்டு இடப்பங்கீட்டின் நியாய அநியாயம் தனிக் கட்டுரைக்குரியது. அதை இங்கே தொடவில்லை.

மறுநாள் மாலை இவ்வளவும் பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. அப்பெண்ணின் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. மூன்றாம் வகையைச் சேர்ந்த ஆறும் அடிக்கப்பட்டன. முதல் வகையில் மூன்று, இரண்டாம் வகையில் இரண்டு, பெரீயா ஒன்று என்று நின்றது. சிங்கப்பூரும் உள்நாட்டு விண்ணப்பமும் தனியே. விண்ணப்பக் கட்டணமே பெருந்தொகையாயிற்றே என்று தந்தையார் மலைத்தார். செலுத்த இயலாதோர்க்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வழியுண்டு. பள்ளி ஆசிரியர் ஒரு கடிதம் கொடுத்தாற் போதும். வருமான விவரத்தைக் கட்டணம் செலுத்தி அனுப்பும் படிவத்துக்குப் பதிலாக, இலவசப் படிவத்தை ஏற்கும் கலாசாலைகளும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். கேட்கலாம் என்று தெரிந்தால்தான் கேட்கமுடியும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைச் சொல்ல மாமன் இருக்கிறான், பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். லயத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

பின்னர் வருமானக் கடிதத்தைத் தட்டெழுதினோம். செக்ரோலில் உள்ளது உள்ளபடி, மழைநாளில் வேலையில்லாமற்போன மாதங்களின் குறைவும் தெரிய, பன்னிரண்டு மாதக் கணக்கையும் வரிசையாகப் போட்டோம். முத்திரை வைத்துக் கொடுத்தபோது அவர் அத்தாளை வாங்கி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்திரண்டு வருஷம் இந்தத் தோட்டத்தில் வெட்டுகிறேன், கிராணியாரே. என் சம்பளத்தை ஒருவர் படித்துப் பார்த்து, என் பிள்ளைக்காக யோசிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை” என்றார். அப்பெண் அக்கடிதத்தை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

இதை எழுதும் இந்நாளில் அமெரிக்காவிலிருந்து பதில் வரவில்லை. மார்ச்சு மாத முடிவில் வரும். ஆறிடத்திலும் மறுப்பே வரலாம். அவ்வாறு வருமானாலும் நாம் வியப்படையமாட்டோம். ஆனால் ஒன்று மட்டும் உறுதி. அவள் மறுக்கப்பட்டால் போட்டியில் மறுக்கப்பட்டவளாவாளேயன்றி, அறியாமையாலும் கூச்சத்தாலும் தன்னைத்தானே மறுத்துக்கொண்டவளாகமாட்டாள். நம் காலத்துக்கும் அவள் காலத்துக்கும் இடையே இவ்வளவேனும் முன்னேற்றம் உண்டாகியிருக்கிறது.

இனி நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். தோட்டத்துக் கிராணிமார்களே! ஆட்களின் சம்பளத் தாளை வைத்திருப்பவர் நீங்கள். அதைக் கேட்டு வரும் பிள்ளையிடம் ‘உனக்கெதற்கு அமெரிக்கா’ என்று சிரிக்காதீர்கள். உள்ளதை எழுதிக் கொடுங்கள்; கூட்டியும் எழுதாதீர்கள், குறைத்தும் எழுதாதீர்கள். ஆசிரியர்களே! தள்ளுபடிக் கடிதமொன்று எழுத உங்களுக்குக் கால்மணி நேரமே பிடிக்கும். சங்கத் தலைவர்களே! ஆண்டுவிழாவுக்கு மாலையும் பொன்னாடையும் வாங்கும் பணத்தில், ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளுடைய தேர்வுக் கட்டணத்தைக் கட்டலாம். பட்டம் பெற்று வந்தவனுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்துவது எளிது. படிவம் நிரப்பத் தெரியாமல் திகைப்பவனுக்கருகே ஒரு நாற்காலி போட்டு உட்காருவதே தொண்டு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அடுத்த தோட்டத்திலிருந்து இரண்டு பையன்கள் சைக்கிளில் வந்து, நம் ஆபீசு வாயிலில் தயங்கி நின்றார்கள். “அக்காவுக்குக் காட்டியதை எங்களுக்கும் காட்டுவீர்களா, அண்ணா?” என்றார்கள். உள்ளே அழைத்து உட்காரவைத்து, படிவத்தின் பொடியெழுத்திலிருந்து தொடங்கினோம்.